கொசுறு

உட்காருங்க தம்பி, தாராளமா உட்காருங்க. அந்தப் பையைக் கீழே வைக்காதீங்க, இப்பத்தான் தரையைத் துடைத்துவிட்டுப் போனார்கள், ஈரம். இந்த நாற்காலியில் வையுங்க. என் மடியில் இருக்கிற இதை மட்டும் இடித்துவிடாதீங்க. லேப்டாப்தான். புதுசு. திறந்தால் நீலக் கலரில் ஒரே ஒரு பக்கம் வருகிறது, அதில் ஒரே ஒரு கேள்வி. அதுக்குப் பதில் சொல்லாமல் வேறு எதுக்கும் அசையமாட்டேன் என்கிறது. பதில் உள்ளே வேலை பார்க்கிற ஒரு ஆளிடம் இருக்கிறது. அதுக்காகத்தான் கோயமுத்தூரில் பஸ் ஏறி ஓசூருக்கு வந்து, இந்தக் கண்ணாடி ரூமில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்க யாரைப் பார்க்கணும்? பர்ச்சேஸ் மேடத்தையா? சுபாஷினி மேடம்.

அட, அவளேதான் தம்பி. என் மக.

எந்திரிக்காதீங்க. எதுக்கு எந்திரிக்கிறீங்க? உங்களுக்காவது அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை.

அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிற அம்மிணி நல்ல பிள்ளைதான். ஆனால் எப்போது போய்க் கேட்டாலும் "மேடம் மீட்டிங்ல இருக்காங்க சார்" என்று ஒரே பாட்டு. ஒரு தடவை கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். "மீட்டிங்கா, இல்லை என்னைப் பார்க்கப் பிடிக்கலையா, ரெண்டுல ஒண்ணைச் சொல்லும்மா" என்றேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான். அப்புறம் நானே அந்த மிஷினில் காப்பி பிடித்துக்கொண்டு போய் அந்தப் பிள்ளைக்கு ஒன்று, வாட்ச்மேனுக்கு ஒன்று கொடுத்தேன். சத்தம் போட்டால் உடனே சரிக்கட்டிவிடணும். என் பழக்கம் அது.

போனில் கேட்கலாமே என்கிறீங்க. என் வீட்டுக்காரி ருக்மணியும் அதையேதான் சொன்னாள். "ஒரு போனைப் போட்டு, 'கண்ணு, இந்த மாதிரி ஆயிப்போச்சு'ன்னு கேளுங்க, சொல்லீருவா" என்றாள். சொல்வாள்தான். ஆனால் நீங்களும் வியாபாரம் பண்ணுகிறவர், உங்களுக்குத் தெரியாததா? நமக்கு ஒரு பொருள் அவசரமாக வேணும் என்று எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் அத்தோடு முடிந்தது. நான் ஒரு லேத்தைப் பார்க்கப் போனால் லேத்துக்குப் பக்கத்திலேயே போகமாட்டேன். மூலையில் கிடக்கிற டிரில்லிங் மிஷினை விலை கேட்பேன். அவன் வீட்டுக் கல்யாணத்தை விசாரிப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான், "அது என்ன, லேத்தா? ஓடுமா?" என்பேன். இன்றைக்கும் அதே திட்டம்தான். சாப்பிட்டியா, ஹாஸ்டல் சோறு எப்படி, அம்மாவுக்கு மூட்டுவலி என்று பேசிக்கொண்டே வந்து, கிளம்பும்போது, "அட, மறந்தே போச்சு, இந்த லேப்டாப்பு என்னமோ கேக்குது பாரு" என்று ஆரம்பிக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் வெளியே வந்தால்தானே அதெல்லாம்.

நான் பழைய மிஷின் வாங்கி விற்கிறவன். கணபதியில் நாச்சிமுத்து மிஷினரீஸ் என்றால் யாரும் வழி சொல்வார்கள். மூடின பட்டறை, நொடித்துப்போன மில்லு, அண்ணன் தம்பி சண்டையில் நின்றுபோன கம்பெனி, எங்கே இருந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பேன். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை, அடிபட்டுப் படித்ததுதான் எல்லாம். முதன்முதலாக நான் வாங்கின மிஷினில் ஒருத்தன் விரிசலை மறைத்துப் பச்சைப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டான். அன்றையிலிருந்து எதைப் பார்த்தாலும் முதலில் நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். மிஷினை மட்டும் இல்லை.

இப்போது உடுமலைப் பக்கம் ஒரு நூல் மில்லை மூடிவிட்டார்கள். உள்ளே இருக்கிற மிஷின் மொத்தமும் நான் பேசி முடித்திருக்கிறேன். என்னிடம் இருந்ததெல்லாம் அதில் போட்டாச்சு. ராஜ்கோட்டிலிருந்து அதை வாங்க ஒரு பார்ட்டி நாளைக் காலையில் கோயமுத்தூரில் வந்து இறங்குகிறான். விஷயம் என்னவென்றால், மில்லில் கரண்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள். மிஷினை ஓட்டிக் காட்ட முடியாது. ஓடுகிற மிஷினுக்கு ஒரு விலை. ஓடுமோ ஓடாதோ என்றால் காயலான் கடை விலை, எடைக்குத்தான். அதனால் கரண்ட் இருந்த கடைசி நாளில் ஒவ்வொரு மிஷினாக ஓடவிட்டு வீடியோ எடுத்து வைத்தோம், நானும் சுபாஷினியும். அந்த வீடியோ இருந்தால் நான் வியாபாரி. இல்லாவிட்டால் இரும்பு எடை போடுகிறவன், அதுவும் நஷ்டத்துக்கு. அது முழுக்க இதுக்குள்ளேதான் இருக்கிறது.

போனிலா? போனில் எடுத்ததை இதில் ஏற்றிவிட்டு, போனில் இடம் இல்லையென்று அழித்தாச்சு. வாட்ஸ்அப்பில் ஒருத்தனுக்கு அனுப்பினால் பொழுது சாய்வதற்குள் ஊர் பூரா ஓடும், அது வேண்டாம். "மாசா மாசம் கொஞ்சம் கட்டினா இன்டர்நெட்ல ஒரு காப்பி பத்திரமா இருக்கும்ப்பா" என்றாள் என் மக. முகம் தெரியாதவன் குடோனில் என் சரக்கை வைத்து, அவனுக்கு நான் வாடகையும் கட்டணுமா? நீங்களே சொல்லுங்க.

பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. அவள் காலேஜில் படிக்கும்போது வாங்கினது. மூடி ஒரு பக்கம் கழன்று, சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டி வைத்திருந்தோம். ஃபேன் சுற்றினால் மாவு மில் சத்தம். ஆன் பண்ணிவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்தால் அப்போதுதான் முழித்துப் பார்க்கும். "அப்பா, இது என்னைக்கு வேணா நின்னுரும்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். நின்றுபோன மிஷினை வைத்துப் பிழைக்கிறவன் நான், என்னை அதைச் சொல்லிப் பயமுறுத்த முடியுமா? ஆனால் ஒரு நாள் பார்ட்டி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது படம் பாதியில் நின்று, திரை கறுத்துப்போய்விட்டது. "நாச்சிமுத்து, உங்க மிஷினும் இப்படித்தானா?" என்று கேட்டான் அவன். அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போனோம்.

கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடை. கழுத்தில் பட்டை மாட்டின பையன் ஒருத்தன். "சார், இதோட ஒரு ஹார்ட் டிஸ்க் எடுத்துக்குங்க, மொத்தமும் பேக்கப் போட்டு வெச்சுக்கலாம். ஒரு பென்டிரைவ்ல ரெக்கவரி டிரைவ் பண்ணி வெச்சுக்குங்க, நாளைக்கு விண்டோஸ் ஏறலைன்னா அதைச் சொருகி சரி பண்ணிக்கலாம்" என்றான். எனக்கு எப்படி இருக்கும்? புது வண்டி வாங்கப் போனால் சீட் கவர், மிதியடி என்று தலையில் கட்டுவார்களே, அந்த மாதிரிதான் தெரிந்தது. "ஏன் தம்பி, நீ விக்கிறது நல்ல பொருளா, கெட்ட பொருளா? நல்லதுன்னா எதுக்கு ரிப்பேர் சாமானையும் சேர்த்து விக்கிற?" என்றேன். சுபாஷினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. ஹார்ட் டிஸ்க்கே வேண்டாம் என்றேன், பென்டிரைவை இனாமாக வாங்கினேன், மௌஸ் இனாம், பை இனாம்.

ஆனால் விலையில் ஒரு இடத்துக்கு வந்ததும் பயல் அதுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றான். அப்போதுதான் அடித்தேன். "சரி, இந்தப் பழசை எடுத்துக்க, குறைச்சுக்க."

"அப்பா, பழசைக் குடுத்துறாதீங்க" என்றாள் சுபாஷினி. "ஒரு மாசமாச்சும் நம்மகிட்ட இருக்கட்டும். புதுசுல எல்லாம் ஒழுங்கா வந்திருக்கான்னு பாக்கணும்."

விற்கிறவன் எதிரிலேயே சொல்கிறாள் தம்பி! "வாயை மூடு" என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது. அவள் அப்புறம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புதுசுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள், தலையே தூக்கவில்லை. பழசை அவர்கள் முழுக்க அழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வார்களாம். அழித்துக்கொள் என்றேன். கிளம்பும்போது முதலாளியே வந்து கை கொடுத்தார். "சார் மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததில்லை" என்றார். அந்தக் கை கொடுத்ததுக்கே தனி விலை போடலாம்.

இருங்க, கவுன்ட்டரில் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

"என்னம்மா? என்ன விஷயமா வந்திருக்கேன்னு கேக்கறாளா? எதுக்குக் கேக்கறா? அப்பன் பிள்ளையைப் பார்க்க விஷயம் வேணுமா? என்னம்மா, ஒரு வார்த்தையில சொல்லணுமா? லேப்டாப்பு! லேப்டாப்புன்னு சொல்லு, போ!"

கெடுத்துக்கொண்டேன். பார்த்தீங்களா? பஸ்ஸில் வந்த அத்தனை நேரமும் ஒத்திகை பார்த்தது போச்சு. என் வாய் என் சொந்த வாயாக இருந்தும் எனக்கு அடங்காது.

சரி, எங்கே விட்டேன்? வீட்டுக்குக் கொண்டுவந்து புதுசை ஆன் பண்ணினால் முதல் காரியமாக ஈமெயில் கேட்கிறது. என்னுடையதைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை, ஊரில் இருக்கிற குப்பையெல்லாம் வந்து விழும். "உன்னோடதையே போட்டுக்க" என்றேன். போட்டாள். போட்டுவிட்டு, "அப்பா, இது தானா உள்ளே பூட்டுப் போட்டுக்கும். பூட்டுக்கு ஒரு சாவி நம்பர் இருக்கும், ரெக்கவரி கீ. அது என் அக்கவுன்ட்ல போய் உட்காந்திருக்கும். ஒரு தாள்ல அடிச்சுத் தாரேன், பீரோல வைங்க" என்றாள். பிரின்டரில் மை தீர்ந்திருந்தது. வீட்டுக்குள்ளே இருக்கிற பிள்ளையிடம் இருக்கிற சாவிக்கு எதுக்கு இன்னொரு சாவி? வேண்டாம் என்றுவிட்டேன்.

பென்டிரைவில் ரெக்கவரி டிரைவ் பண்ணி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, மேஜை டிராயரில் போட்டிருந்தாள். அது எனக்கு எங்கே தெரிகிறது? அவள் போன பிறகு வேனில் பாட்டுக் கேட்கலாம் என்று அதை எடுத்துக்கொண்டு செல்போன் கடைக்குப் போனேன். "இதுல ஏதோ கெடக்குதுங்க, அழிச்சிரட்டுமா?" என்றான். அழி என்றேன். இப்போது அதில் பாட்டுதான் இருக்கிறது. ஆனால் அது இருந்திருந்தாலும் இந்தச் சாவி நம்பர் இல்லாமல் வீடியோ கிடைக்காதாம், விசாரித்துவிட்டேன். அந்த வகையில் என் மேல் ஒரு பழி குறைவு.

எதுக்குப் போனாளா? காதல் கீதல் என்று நினைக்காதீங்க, அதெல்லாம் இல்லை. ஒரு வியாபாரத்தில் போனாள். கடை போர்டு துருப்பிடித்துப்போச்சு என்று புதுசு எழுதப் பெயின்டர் வந்திருந்தான். என்ன எழுதணும் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான். சுபாஷினி சொன்னாள், "அப்பா, என் பேரையும் சேர்த்துப் போடலாம். பார்ட்னர்னு பதிவு பண்ணிரலாம். பாதிப் பங்கு."

எனக்குக் கோபமே வரவில்லை தம்பி. சந்தோஷமாக இருந்தது. முதல் விலையே பாதி! என் ரத்தம் பாருங்க. "கால்" என்றேன். என்னையே பார்த்தாள். "சரிப்பா, கால்" என்றாள்.

அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டாள். பாதி கேட்டவள் கால் என்றதும் சரி என்பாளா? அப்படிச் சொன்னால் எதிரில் இருக்கிறவன் என்ன நினைப்பான், இன்னும் இறங்குவாள் என்றுதானே? யாராக இருந்தாலும் அப்படித்தானே தம்பி? வாயில் தானாக வந்துவிட்டது. "பத்துல ஒண்ணு" என்றேன். நான் அப்படிச் சொன்னால் அவள் எகிறணும். மூன்றில் ஒன்று என்று ஏறணும். நான் ஐந்தில் ஒன்று என்பேன். கத்தி, கோபித்து, சாப்பிடாமல் கிடந்து, மறுநாள் கால்பங்கிலேயே வந்து நிற்கும். ரெண்டு பேரும் ஜெயித்த மாதிரி இருக்கும். அதுதானே முறை?

அவள் வேன் சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். குடோன் சாவியை வைத்தாள். பெயின்டரைப் பார்த்து, "அண்ணா, பழைய மாதிரியே எழுதிருங்க" என்றாள். அவ்வளவுதான். நான்தான் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். "பேசத் தெரியாதவ எதுக்குடி யாவாரத்துக்கு வந்த?" என்று. அப்புறம் பார்த்தால் ஓசூரில் வேலை கிடைத்தது என்கிறாள் அவள் அம்மா. சம்பளத்துக்கு! என் பிள்ளை சம்பளத்துக்கு! அதிலும் என்ன வேலை பாருங்க, இவர்களுக்குப் பொருள் வாங்கிக் கொடுக்கிற வேலை. யாரிடம் கற்றுக்கொண்டது? அதை இந்தக் கம்பெனிக்காரன் கேட்டிருப்பானா?

அது சரி, நீங்க அவளிடம் சரக்குக் கொடுத்திருக்கீங்களே, எப்படி, நல்லாப் பேரம் பேசுவாளா? உங்களைக் கண்ணீர் விட வைத்திருப்பாளே?

பேசவே மாட்டாளா? ஒரே விலையா? அவள் ஒரு விலை சொல்வாள், நீங்க சரி என்றால் சரி, இல்லையென்றால் நன்றி சொல்லி எழுந்துவிடுவாளா? நியாயமான விலையாகத்தான் இருக்குமா? அது எப்படித் தம்பி? அப்புறம் எதுக்கு எதிரும் புதிருமாக உட்காருகிறீங்க? இந்தக் கம்பெனியை மூழ்கடித்துவிடுவாள். நல்ல வேளை, என் கடையில் இல்லை.

என்ன பண்ணினேன், எப்படிப் பூட்டிக்கொண்டதா? அதைக் கேட்காதீங்க, வயிறு எரிகிறது. கொசுறு தம்பி. கத்தரிக்காய் வாங்கினால் ரெண்டு கொத்துக் கறிவேப்பிலை சேர்த்துக் கேட்போமே, அந்தக் கொசுறு. பெரிய வீடியோ ஓடும்போது கொஞ்சம் திணறுகிற மாதிரி இருந்தது. காந்திபுரத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறான், மெமரி சேர்த்துப் போட்டால் சரியாகும் என்றான். போட்டான். கூலியைக் குறை என்றேன், மாட்டேன் என்றான். நானும் நின்று பார்த்தேன், அவன் அசைகிற ஆள் இல்லை. "சரி, கொசுறா என்ன பண்ணித் தருவ?" என்றேன். சும்மா வெறுங்கையோடு எழுந்து வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

"பயாஸ் அப்டேட் ஒண்ணு வந்திருக்குங்க, வேணா போட்டு விடறேன், அதுக்குக் காசு வேண்டாம்" என்றான். பயாஸ் என்றால் என்ன என்று கேட்டேன். லேப்டாப் முழுசாகக் கண் முழிப்பதுக்கு முன்னால் அடியில் ஓடுகிற சின்னப் புரோகிராமாம். இருக்கட்டும், சும்மா கிடைக்கிறதுதானே, போடு என்றேன். அவன் கேட்டான் தம்பி, அவனைக் குறை சொல்ல முடியாது. "ரெக்கவரி கீ கையில இருக்குதுங்களா? சில சமயம் கேக்கும்" என்றான். இல்லை என்றால் வேலையை நிறுத்திவிடுவான், கொசுறு போச்சு. "எல்லாம் இருக்குது, போடுப்பா" என்றேன்.

போட்டான். அணைந்து எரிந்தது. நீலம்.

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "கேட்டனேங்க" என்றான். "நம்பர் இருந்தாத் திறக்கும். இல்லைன்னா முழுசா அழிச்சுட்டுப் புதுசா விண்டோஸ் ஏத்தித் தாரேன், லேப்டாப்பு நல்லாத்தான் இருக்கும், உள்ளே இருக்கறது எதுவும் வராது" என்றான். உள்ளே இருக்கிறது வராமல் இந்தத் தகரத்தை வைத்து நான் என்ன பண்ணுவது?

இதோ கூப்பிடுகிறார்கள்.

"என்னம்மா? மேடம் லைன்லயே இருக்காங்களா? என்ன கேக்கறா? சாவியோட ஐடி நம்பரா? முதல் எட்டு எழுத்தா?"

தம்பி, நான் லேப்டாப் என்கிற ஒரு வார்த்தையைத் தவிர வேறு ஒன்றுமே சொல்லவில்லையே. நீங்கதான் சாட்சி. அதுக்குள்ளே எப்படிக் கண்டுபிடித்தாள்? நான் கண்ணாடி கொண்டுவரவில்லை, இதைத் திறக்கிறேன், நீங்க கொஞ்சம் படிங்க. கீழே, கீ ஐடி என்று போட்டிருக்குமே, அதுக்குப் பக்கத்தில். மெதுவா, மெதுவா. நீங்க சொல்லச் சொல்ல அந்த அம்மிணி போனில் சொல்லட்டும். "ஏம்மா, 'பி'ன்னு சொல்றார் தம்பி, ஆறு இல்லை, எழுத்து பி, சரியாச் சொல்லு!" முடிந்ததா? வைத்துவிட்டாளா? வேறு ஒன்றும் சொல்லவில்லையா?

சரி. இப்போது அவள் கைதான் ஓங்கியிருக்கிறது. நான் என்ன நிலைமையில் இருக்கிறேன் என்று மொத்தமும் தெரிந்துபோச்சு. நானாக இருந்தால் இந்த இடத்தில் எதிராளியைப் பிழிந்து எடுத்துவிடுவேன். பாதி கேட்பாள். பாதிக்கு மேலேகூடக் கேட்பாள். கேட்கட்டும், கேட்கணும். நான் கால் என்பேன். இந்தத் தடவை கால் என்றால் கால்தான், கீழே போகமாட்டேன். மூன்றில் ஒன்று வரைக்கும் ஏறுவேன். ருக்மணி மேல் சத்தியம், அதுக்கு மேலேயும் ஏறுவேன். ஆனால் எடுத்த எடுப்பில் காட்டக்கூடாது. இதில் பேட்டரி வேறு சிவப்பாகிவிட்டது, ஒயர் பஸ்ஸிலேயே போயிருக்கும் போல. தம்பி, உங்க பையில் சார்ஜர் ஏதாவது இருக்கிறதா? இல்லையா? சரி, விடுங்க.

வருகிறாளா? அந்தக் கதவு திறக்கிறது பாருங்க.

ஆபீஸ் பையன் யாரோ. கவுன்ட்டருக்கு ஒரு தாள் கொண்டுவந்து கொடுக்கிறான். எனக்குத்தான். கொடும்மா, கொடு.

நம்பர். ஆறு ஆறாக எட்டுக் கட்டு, அவள் கையெழுத்து. ஏழு போடும்போது நடுவில் ஒரு கோடு போடுவாள், சின்ன வயசிலிருந்தே. திருப்பிப் பாருங்க தம்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா? நல்லாப் பாருங்க. ஒன்றும் இல்லையா? "ஏம்மா, இது மட்டுந்தானா? வேற ஏதாச்சும் கேட்டாளா? இது வேணும், அது வேணும்னு ஏதாச்சும்?" இல்லையாம். முதல் விலைகூடச் சொல்லாமல் சரக்கை வெளியே அனுப்பியிருக்கிறாள்.

அணையப் போகிறது தம்பி, படிங்க, நான் அடிக்கிறேன். வேண்டாம், கண்ணாடி இல்லாமல் எனக்குக் கீபோர்டு தெரியாது, நீங்களே அடிங்க, நான் படிக்கிறேன், நம்பர் பெரிசாகத்தான் எழுதியிருக்கிறாள். நான்கு, ஒன்று, எட்டு... அடித்தாச்சா? அடுத்தது... என்ன? தப்பு என்கிறதா? எந்தக் கட்டு? அய்யோ, அந்த ஒன்றும் ஏழும் எனக்கு ஒரே மாதிரி தெரிந்துவிட்டது. கோடு போட்டதுதான் ஏழு, கோடு போட்டதுதான். திரும்ப அடிங்க. எழவெடுத்த பேட்டரி, இன்னும் கொஞ்சம் நில்லு, சாமி.

நீலம் போச்சு. போச்சு! சுற்றுகிறது. திறந்துவிட்டது!

"அம்மிணி, உன் மேஜையில சார்ஜர் இருக்குதா? இதுக்குச் சேருமா பாரு. சேருதா? நீ நல்லா இருப்ப!"

அந்த மஞ்சள் டப்பா மாதிரி இருக்கிறதே, உடுமலை என்று போட்டிருக்கும், அதைத் தட்டுங்க. ஒன்றை ஓட்டிப் பாருங்க. ஓடுகிறதா? சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க. கேட்கிறதா? "ரிங் ஃபிரேம், நாலாவது, இப்ப ஓடிட்டிருக்கு" என்கிறது அவள்தான். அந்த மிஷின் சத்தத்திலும் எவ்வளவு தெளிவு பாருங்க. நடுவில் "சத்தமாச் சொல்லு, தொண்டையில என்ன அடைச்சிருக்கு" என்கிறது நான். "அப்பா, கையை எடுங்க, பெல்ட்டு ஓடுது" என்கிறாள். எல்லாம் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. ராஜ்கோட்காரன் ஒரு வார்த்தை பேச முடியாது.

ம். நிறுத்துங்க. போதும்.

நான் ஒன்று பண்ணுகிறேன். இருங்க.

"அம்மிணி, மேடத்துக்கு ஒரு போன் போடு. அப்பா திறந்துட்டார்னு சொல்லு. அப்புறம், பாதின்னு சொல்லு. ஆமா, வெறும் பாதி. அவளுக்குப் புரியும். அப்பா பாதின்னு சொல்லச் சொன்னார், நீ கேட்ட அதே பாதின்னு சொல்லு."

கீழேயிருந்து ஆரம்பித்து ஏறலாம் என்றுதான் இருந்தேன் தம்பி. என்ன ஆச்சென்று தெரியவில்லை. எதிராளி ஒன்றுமே கேட்காமல் இருந்தால் நமக்கு எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்றே புரிவதில்லை. பாருங்க, அந்தப் பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறது. தலையாட்டுகிறது. என்னமோ எழுதுகிறது.

"என்னம்மா சொன்னா? ஹார்ட் டிஸ்க் வாங்கி இன்னைக்கே வீடியோவுக்கு ஒரு காப்பி எடுத்துக்கணும். சரி. பென்டிரைவ் புதுசா வாங்கி ரெக்கவரி டிரைவ் பண்ணிக்கணும். சரி. அப்புறம்? அவ அக்கவுன்ட்டை இதுல இருந்து எடுத்துட்டு, என் பேர்ல போட்டுக்கணுமா? சாவி நம்பர் இனிமே என்கிட்டயே இருக்கட்டுமா? அப்படியா சொன்னா? சரி, பாதிக்கு என்ன சொன்னா? அதைச் சொல்லும்மா முதல்ல."

ஒன்றும் சொல்லவில்லையாம்.

கேட்டீங்களா தம்பி? வேண்டாம் என்று சொல்லவில்லை. கவனிச்சீங்களா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிற ஆள் அவள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் யோசிக்கிறாள் என்று அர்த்தம். வியாபாரம் இன்னும் உடையவில்லை. எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

என்ன பண்றீங்க? செட்டிங்கா? பேரை மாற்றுவது உங்களுக்குத் தெரியுமா, இப்போதே மாற்றித் தந்துவிடுகிறீங்களா? வேண்டாம். வேண்டாம் தம்பி, கையை எடுங்க. எடுங்கங்கிறேன்! கோபித்துக்காதீங்க, சத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு. ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொள்கிறேன், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியிலேயே, கடைக்காரன் சொல்கிற விலைக்கே வாங்கிக்கொள்கிறேன். பென்டிரைவும் வாங்குகிறேன். அவள் சொன்னதெல்லாம் செய்கிறேன். பேரை மட்டும் இப்போது மாற்ற வேண்டாம். இது மிஷின்தானே, மறுபடி ஒரு நாள் எதையாவது செய்து பூட்டிக்கொள்ளும். அப்போது யாரிடமாவது போய்த்தானே ஆகணும்.

உங்களைக் கூப்பிடுகிறார்கள், போங்க. பையை எடுத்துக்கொள்ளுங்க. அப்பா போயாச்சா என்று கேட்டால் போயாச்சு என்று சொல்லுங்க. பேரை மாற்றியாச்சா என்று கேட்பாள், கட்டாயம் கேட்பாள். மாற்றியாச்சு என்று சொல்லிவிடுங்க. நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்ததாகச் சொல்லுங்க.